ஆட்டுக்குட்டி, இரண்டாம் பாகம்

என் வலது மணிக்கட்டு உடைந்ததற்குச் செவலை காரணம் இல்லை. இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். ஊரில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். மாடு உதைத்தது என்றார்கள், முட்டித் தள்ளியது என்றார்கள். கொட்டகையைக் கழுவிவிட்டு ஈரம் காய்வதற்கு முன்னால் தவிட்டு வாளியோடு உள்ளே போனது நான். வழுக்கியதும் என் கால்தான். கையை ஊன்றி விழுந்தேன். நான் வாயைத் திறப்பதற்குள் செவலை கத்தி ஆளைக் கூப்பிட்டது. அதைப் போய்க் குறை சொன்னால் எப்படி?

நகரிக்கும் புத்தூருக்கும் நடுவில் எங்கள் ஊர். என் மகன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான், திருப்பதி வரைக்கும் போய் வருகிறவன். பெரிய ஆஸ்பத்திரி பழக்கம் அவனுக்கு. "எம்மா, திருப்பதிக்கே போயிடலாம்" என்றான். எலும்பு முறிந்தால் உலகத்தில் இருக்கிறவன் எல்லாம் புத்தூருக்கு வருகிறான், புத்தூர்ப் பக்கத்தில் இருக்கிற நான் திருப்பதிக்குப் போனால் சிரிக்கமாட்டார்களா? அவனுடைய ஆட்டோவிலேயே ஏறிப் போய்க் கட்டிக்கொண்டு வந்தேன். பச்சிலை, முட்டை வெள்ளை, மேலே மூங்கில் பட்டை, துணி. மூன்று கட்டு ஆனது. மூன்றாவது கட்டைப் பிரித்த அன்றைக்குக் கட்டுக்காரர் என் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எலும்பு கூடிக்கிச்சி பெரியம்மா. விரலுங்கதான் தூங்கிக்கினு கீது. ஒரு ரப்பர் பந்து வாங்கி அமுக்கிக்கினே இரு. எழுந்துக்கும்."

மகன் அன்றைக்கே பந்து வாங்கினான். பச்சை நிறம். அதை நான் அலமாரியில் சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன். அறுபத்தெட்டு வயசில் வாசலில் உட்கார்ந்து பந்தை அமுக்கிக்கொண்டிருந்தால் போகிறவன் வருகிறவன் எல்லாம் என்ன நினைப்பான்? எனக்கு மானம் உண்டு.

விரல்கள் தூங்கினால் மற்றவர்களுக்கு என்ன நஷ்டமோ தெரியாது. எனக்கு மாடு. சின்ன வயசில் எங்களுக்கு நிலம் கிடையாது. பத்து வயசிலிருந்து ஊரார் மாட்டைத்தான் கறந்தேன். உதைக்கிற மாடு, பாலை அடக்கிக்கொள்கிற மாடு, கன்று செத்த மாடு எதுவானாலும் என்னைத்தான் கூப்பிட்டு அனுப்புவார்கள். சொந்தமாக ஒரு மாடு என்று வீட்டு வாசலில் கட்டியது செவலையின் பாட்டியைத்தான். அதன் மகளையும் நான்தான் கறந்தேன். செவலையை வேறு ஒரு கை தொட்டது கிடையாது. கை உடைந்த பிறகு அடுத்த தெருப் பெண்ணைக் கறக்க வைத்தோம். செவலை பாதிப் பாலை மடியிலேயே வைத்துக்கொண்டது. இரண்டு தடவை வாளியை உருட்டியது. ஒரு தடவை அந்தப் பெண்ணையும் உருட்டியது.

மகன் ஒரு நாள் சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"எம்மா, ஒண்ணு சொன்னா கோச்சுக்கக் கூடாது."

"கேட்டுட்டுத்தான் சொல்ல முடியும். சொல்லு."

"ஆடிக் கிருத்திகை வரைக்கும் பாக்கலாம். அதுக்குள்ள உன் கை கறக்கலன்னா செவலைய குடுத்துடலாம். மடி கட்டிக்கினு நோவு வந்துச்சின்னா மாடே பூடும்."

அவன் சொன்னதில் தப்பு இல்லை. பால் தங்கினால் மடி வீங்கும் என்று அவனுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான். அதனால் கோபம் இன்னும் அதிகமாக வந்தது. "சரிடா நைனா" என்று மட்டும் சொன்னேன். கிருத்திகைக்கு இருபது நாள் இருந்தது.

இப்போது மருமகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் சித்தூர் டவுனில் பிறந்தவள். பேச்சில் பாதி தெலுங்கு. சத்தியவேடு தாண்டி ஒரு கம்பெனியில் வேலை. விடியற்காலையில் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போகும், நாலு மணிக்குக் கொண்டுவந்து விடும். பஸ்ஸில் எல்லாரும் தூங்குவார்களாம். இவள் மட்டும் கையில் ஒரு விளையாட்டு மிஷினை வைத்து ஆடிக்கொண்டே போவாள். கல்யாணம் ஆகி வந்த புதிதில் அதைப் பார்த்து நான் முகம் சுளித்தது உண்மை. இரண்டு உள்ளங்கை அகலம், நடுவில் சின்ன டிவி மாதிரி, இரண்டு பக்கமும் பொத்தான்கள். பெண்பிள்ளைக்கு இது எதற்கு என்று கேட்டேன். "உங்களுக்குப் பாக்கு மாதிரி அத்தே" என்று சொல்லிவிட்டாள். நான் வாயில் இருந்த பாக்கைக் கன்னத்துக்குள் ஒதுக்கிக்கொண்டேன்.

ஒரு சாயங்காலம் அவள் சமையல்கட்டிலிருந்து ஓடிவந்து அந்த மிஷினை என் மடியில் வைத்தாள்.

"அத்தே, இத கொஞ்சம் புடிங்க. குக்கர எறக்கிட்டு வந்துடறேன். ஆடு உழுந்துடும், பாத்துக்கங்க."

"எந்த ஆடு?"

உள்ளே பார்த்தேன். வெள்ளை ஆட்டுக்குட்டி ஒன்று, நெற்றியில் கறுப்புப் பொட்டோடு, ஒரு பாறைமேல் நின்றது. பாறை கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துகொண்டிருந்தது. "இது உடையுதுடி!" என்று கத்தினேன். "வலது கட்டைவிரல்ல இருக்கற பொத்தான அமுக்குங்க, தாண்டும்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கட்டைவிரலை நகர்த்தப் பார்த்தேன். நகரவில்லை. ஆடு பள்ளத்தில் விழுந்து செத்துப்போனது.

அந்த வேதனையை எப்படி எழுதுவது? எத்தனை பிரசவம் பார்த்திருக்கிறேன். குறுக்கே விழுந்த கன்றைக் கையை விட்டுத் திருப்பி இழுத்திருக்கிறேன். என் கையில் ஒரு குட்டி செத்ததாக யாரும் சொல்ல முடியாது. மருமகள் வந்து பார்த்து, "பரவால்ல அத்தே, மறுபடி வந்துடும்" என்றாள். வந்தது. அதே பொட்டு, அதே பாறை.

"குடு இங்க" என்றேன்.

அவள் சிரித்த மாதிரி இருந்தது. குக்கர் அன்றைக்கு விசில் அடிக்கவே இல்லை என்பது எனக்கு மறுநாள்தான் உறைத்தது.

அடுத்த நாள் அவள் சொன்னாள், இது இரண்டாம் பாகமாம்.

"ரெண்டாவதா? அப்ப மொதல் பாகம் எங்க?"

"அது நான் சின்னப் புள்ளைல ஆடினது. சித்தூர்ல எங்க அண்ணனுங்க கூட, டிவில மாட்டி. ஊரே அந்த ஆட்டுக்குப் பைத்தியமா இருந்துச்சி. இத்தினி வருசம் கழிச்சி இப்பதான் ரெண்டாவது வந்து கீது, கையில வச்சி ஆடற மாதிரி."

"மொதல் பாகம் தெரியாம ரெண்டாவத எப்பிடி ஆடறது?"

"அதெல்லாம் தேவல்ல அத்தே. தாண்டிக்கினே போனாப் போதும்."

எனக்கு அது ஒப்பவில்லை. எங்கள் ஊரில் பாரதக் கூத்து நடந்தால் முதல் நாளிலிருந்து பாயைப் போட்டு உட்காருகிறவள் நான். நடுவில் வந்து, இவன் யார், அவள் ஏன் முடியை விரித்துப்போட்டிருக்கிறாள் என்று பக்கத்தில் இருப்பவரைக் கேட்கிற ஆட்களைக் கண்டால் எனக்கு ஆகாது. "மொதல்ல இருந்து கதைய சொல்லு" என்றேன். அவள் அவரைக்காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள். குட்டியின் தாய் தொலைந்துபோகிறது. குட்டி மலை மலையாகத் தாண்டித் தேடுகிறது.

"மேய்ச்சக்காரன் எங்க போனான்?"

"மேய்ச்சக்காரன் கெடையாது அத்தே."

"அதான் தொலைஞ்சி போச்சி. எத்தினி மலை?"

"ஏழு."

"ஏழா! அப்ப நம்ம மலைதான். சொல்லு."

தாய் கிடைத்துவிட்டதாம், ஏழாவது மலையில். அதோடு முதல் பாகம் முடிந்தது. இரண்டாம் பாகத்தில் ஒரு பெரிய கழுகு வந்து மந்தையில் இருக்கிற எல்லா ஆட்டின் கழுத்து மணியையும் பறித்துக்கொண்டு போய்விட்டது. மணி இல்லாமல் மந்தை மூலைக்கொன்றாகச் சிதறிவிட்டது. குட்டி இப்போது மணிகளை மீட்டுவர வேண்டும். இது நியாயமான கதை என்று எனக்குப் பட்டது. மணி இல்லாத மந்தையை மேய்த்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

ஒன்று மட்டும் ஏற்கவில்லை. முதல் பாகத்தில் குட்டி தாண்டத்தான் தாண்டுமாம். இதில் புதிதாகப் பாறையைப் பல்லால் கடித்துத் தொங்கும். அதற்கு மிஷினின் பின்பக்கம் ஆள்காட்டி விரலுக்கு ஒரு பொத்தான். அதை விடாமல் பிடித்தால் குட்டி விடாமல் தொங்கும். விரல் தளர்ந்தால் குட்டி விழும்.

"எந்த ஆடுடி பாறையக் கடிக்கும்?"

"இந்த ஆடு கடிக்கும்."

மறுநாள் காலையில் அவள் பஸ்ஸுக்குப் போன பிறகு பார்த்தால் மிஷின் என் தலையணைப் பக்கத்தில் இருந்தது. அதற்கு அடுத்த நாளும் இருந்தது. கொடுத்துவிட்டுப் போனேன் என்று அவளும் சொல்லவில்லை, எடுத்துக்கொண்டேன் என்று நானும் சொல்லவில்லை. மூன்று மணி நேரம் பஸ்ஸில் என்ன செய்தாளோ.

முதல் நாலு நாள் குட்டி செத்துக்கொண்டே இருந்தது. தாண்டு என்று கட்டைவிரலுக்கு நான் சொல்வதற்கும் அது கேட்பதற்கும் நடுவில் ஒரு வாய் காப்பி குடித்துவிடலாம். வலி வேறு, முழங்கை வரைக்கும் இழுக்கும். பந்தை அமுக்கியிருந்தால் இந்த வலிக்கு நிறுத்தியிருப்பேன். தொங்குகிற குட்டியை வலிக்கிறது என்று விட முடியுமா? பல்லைக் கடித்துக்கொண்டு பிடிப்பேன். ஒரு நாள் மகன் மத்தியானம் சாப்பிட வந்தவன் வாசலிலேயே நின்றுவிட்டான்.

"எம்மா! இன்னா இது?"

"கைக்கு வைத்தியம். சோறு மூடி வச்சி கீது, போட்டுத் துன்னு."

எட்டாம் நாள் முதல் மலை முடிந்தது. பதினோராம் நாள் மூன்றாவது மலை. திரையில் இங்கிலீஷில் ஏதாவது எழுத்து வந்தால் அமுக்கித் தள்ளிவிடுவேன். இரண்டாவது வரைக்கும் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தவளுக்கு ஆடு எங்கே போக வேண்டும் என்று இங்கிலீஷ்காரன் சொல்ல வேண்டியதில்லை. ஒரே ஒரு கட்டளை மருமகளுக்குப் போட்டிருந்தேன். நான் கேட்காமல் வழி சொல்லக் கூடாது.

நாலாவது மலையில் மாட்டிக்கொண்டேன். கொஞ்ச தூரம் போனதும் ஒரு செம்மண் மேடு, மேலே ஓட்டை. அதைத் தாண்டினால் ஒரு பெரிய பாறை, சுவர் மாதிரி. கடிக்க இடமே இல்லாத வழவழப்பு. எகிறிப் பார்த்தேன், ஓடிவந்து எகிறிப் பார்த்தேன். மூன்று நாள். பிடித்து வைத்த மாதிரி அதே இடம். மருமகள் பின்னாலிருந்து பார்ப்பாள், ஏதோ சொல்ல வாயைத் திறப்பாள்.

"சொல்லட்டுமா அத்தே?"

"மூடு வாய."

அவள் போய்ப் புருஷனிடம் சொல்லியிருக்கிறாள், அத்தே மூணு நாளா ஒரே இடத்துல நின்னுகினு கீறாங்க என்று. சிரித்துக்கொண்டுதான் சொன்னாளாம். அவனுக்கு அது வேறு மாதிரிக் கேட்டுவிட்டது. அம்மாவுக்கு விரல் வரவில்லை, இதற்குமேல் வராது என்று நினைத்துவிட்டான். கிருத்திகைக்கு இன்னும் நாலு நாள் இருந்தும் மாட்டுத் தரகருக்குப் போன் போட்டு நாளைக்குக் காலையில் கறவைப் பொழுதுக்கு வரச் சொல்லிவிட்டான். கறக்கிறதை நேரில் பார்த்தால்தானே அந்த ஆள் மாட்டை மதிப்பார்.

சாயங்காலம் வந்து தலையைக் குனிந்துகொண்டு சொன்னான்.

"வாக்கு கிருத்திகைக்குத்தான்டா."

"நாலு நாள்ல இன்னா மாறிடும்மா? மூணு நாளா ஒரு பாறையத் தாண்ட முடியல உன்னால."

அவன் வெளியே போனதும் மருமகள் ஓடிவந்தாள். முகம் செத்துப்போயிருந்தது. "என்னாலதான் அத்தே. நான்தான் உளறிட்டேன்" என்று மூக்கை உறிஞ்சினாள். பிறகு மிஷினை எடுத்து என் கையில் வைத்தாள். "ஒரே ஒரு வாட்டி ஆடுங்க. உங்க விரலப் பாக்கணும்."

ஆடினேன். ஓடிவந்தேன், செம்மண் மேட்டைத் தாண்டினேன், பாறையில் மோதினேன். அவள் என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விரல் நல்லா அமுக்குது அத்தே! அப்புறம் எதுக்கு அந்த மேட்ட ஒவ்வொரு வாட்டியும் தாண்டறீங்க? அதுமேல ஏறிக் குதிச்சா ஓட்டைக்குள்ள போவலாம். வழியே அதுக்குள்ளதான்."

"ஏன்டி, உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? புத்து அது!"

"எது?"

"செம்மண்ணு, மேல ஓட்டை. புத்து இல்லாம இன்னா? நாகாத்தம்மன் குடியிருக்கற எடத்த மிதிக்கச் சொல்றியா? வருசா வருசம் புத்துக்குப் பால் ஊத்தறவ நானு!"

அவள் என்னைப் பார்த்தாள், மிஷினைப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வேறு இன்னும் காயவில்லை. "மூணு நாளா புத்த சுத்திக்கினு இருந்தீங்களா! அய்யோ, சாலு, போதும் அத்தே, என்னால முடியல!"

"சிரிக்காத. பாவம் புடிச்சிக்கும்."

"அத்தே, ஏறப் போறது நீங்களா? ஆடு."

யோசித்துப் பார்த்தேன். எங்கள் ஏரிக்கரைப் புற்றின்மேல் முன்னங்காலை வைத்து நின்று வேப்பந்தழை கடிக்காத ஆடு எது? எந்த ஆட்டையாவது அம்மன் கோபித்துக்கொண்டதாகக் கேள்விப்பட்டிருக்கிறேனா? அது அறியாத ஜீவன். இரண்டு கன்னத்திலும் போட்டுக்கொண்டேன். உடைந்த கையால்தான். கட்டைவிரலை அமுக்கினேன்.

குட்டி மேட்டின்மேல் நின்றது, உள்ளே விழுந்தது. கீழே ஒரு கிணறு மாதிரி இடம். வெளியே வர நெடுக ஏறும் பாறை, நிற்க ஒரு இடுக்குக்கூட இல்லை. கடித்துத் தொங்க வேண்டும், எம்ப வேண்டும், மறுபடி கடிக்க வேண்டும். ஆள்காட்டி விரல் பின்னால் பிடித்திருக்கையிலேயே கட்டைவிரல் முன்னால் அடிக்க வேண்டும். பிடி, விடு, பிடி. பாதியில் மருமகள் சிரிப்பதை நிறுத்திவிட்டாள். "விடாதீங்க விடாதீங்க" என்று என் தோளைப் பிடித்து அமுக்கிக்கொண்டிருந்தாள். மேலே வந்து குட்டி வெளிச்சத்தில் நின்றதும் மிஷினை மடியில் போட்டுக் கையைப் பொத்தினேன். விரல்கள் ஐந்தும் மடங்கியிருந்தன. உள்ளங்கையைத் தொட்டு மடங்கியிருந்தன. விழுந்த நாளிலிருந்து அப்படி மடங்கவில்லை.

மருமகள் அதைப் பார்த்தாள். "அவர்கிட்ட சொல்லட்டுமா?" என்றாள்.

"சொல்லாத. வரவன் வரட்டும்."

தரகர் விடிந்ததும் பைக்கில் வந்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு செவலையைச் சுற்றிச் சுற்றி வந்தார். பல்லைப் பார்த்தார், வாலைத் தூக்கிப் பார்த்தார். அடுத்த தெருப் பெண் வாளியோடு வந்து குந்தினாள். செவலை ஒரு காலைத் தூக்கியது. அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"நான் மாட்டேன்பா. போன வாரம் பட்ட அடியே இன்னும் ஆறல."

"உதைக்கற மாடா?" என்று தரகர் முகத்தை ஒரு மாதிரி வைத்தார். அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம், குறைத்துக் கேட்கலாமே என்று.

"யாருய்யா சொன்னது?" என்று நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு வாளியை வாங்கினேன். "எம்மா, வேணாம்" என்று மகன் முன்னால் வந்தான். மருமகள் அவன் சட்டையைப் பின்னாலிருந்து இழுத்தாள். கம்பெனி பஸ் போயே போய்விட்டது, அவள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை.

குந்தி உட்கார்ந்து நெற்றியைச் செவலையின் விலாவில் வைத்தேன். கன்றை ஊட்டவிட்டு இழுத்துக் கட்டியிருந்தது. மடியைத் தண்ணீர் விட்டுக் கழுவினேன். அதற்குத் தெரிந்துவிட்டது. காலை இறக்கி அகட்டி நின்றது. இடது கை எப்போதும் போல் பிடித்தது. வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டியும் காம்பின் மேல் பக்கத்தைப் பிடித்தன, மற்ற மூன்றும் ஒன்றன்பின் ஒன்றாக மடங்கின. முதல் பீய்ச்சல் நூல் மாதிரி வந்தது. அதுவும் என் சேலைமேல். இரண்டாவது வாளியில் விழுந்தது. என் கை கறந்து அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒன்றரை மாசம் ஆகியிருந்தது.

வேகம் இல்லை, ஒத்துக்கொள்கிறேன். கால் மணி நேரத்து வேலை முக்கால் மணி ஆயிற்று. நடுவில் மூன்று தடவை கையை உதறிக்கொண்டேன். தரகர் இரண்டு பீடி பிடித்து முடித்தார். மடி தொங்கிச் சுருங்குகிற வரைக்கும் கறந்தேன், கடைசிப் பாலை விடவில்லை. வாளியில் நுரை விளிம்புக்கு வந்தது.

எழுந்திருக்கத்தான் முடியவில்லை, கால் மரத்துவிட்டது. மகன் வந்து கை கொடுத்தான். தூக்கிவிடும்போது என் வலது கையைத்தான் பிடித்தான். நான் வேண்டுமென்றே அவன் விரல்களைப் பலமாக இறுக்கினேன். "ஆ! எம்மா!" என்று கத்தினான். அதன் பிறகு அவன் தரகர் பக்கம் திரும்பினான்.

"மன்னிச்சிக்கண்ணா. மாடு குடுக்கறதா இல்ல."

"அப்ப என்ன எதுக்குய்யா அம்மாந் தூரத்துல இருந்து கூப்ட்ட?"

"காப்பி குடிக்கத்தான்" என்று மருமகள் உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். அவள் அதற்குள் வாளியை வாங்கிக்கொண்டு போய் அடுப்பு மூட்டியிருந்தாள்.

பெரிய டம்ளர் நிறையக் காப்பி வந்தது. தரகர் கோபத்தோடுதான் வாயில் வைத்தார். ஒரு மிடறு குடித்தார், டம்ளரைப் பார்த்தார், இன்னொரு மிடறு குடித்தார். தொழிலில் ஊறிய ஆள், சும்மா போக மனசு வரவில்லை. கட்டியிருந்த கன்றின் பக்கம் கண்ணைக் காட்டி, "அதையாச்சும் பேசலாமா பெரியம்மா? கெடேரிதானே?" என்றார்.

"கெடேரிதான். அதையும் கறக்க ஆள் கீது" என்றேன். "ஆறிப்போவுது, குடிய்யா."